கோளாறு ஒன்றும் இல்லை

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று மாலை வீட்டுக்கு வந்தேன். மதுரையில் ஒன்பது நாள் படுக்கை. நெஞ்சில் இடது பக்கம் ஒரு ரத்தக் குழாய் முழுக்க அடைத்திருந்ததாம், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது ஜெபராணி சிஸ்டர் ஒரு நோட்டுக் கொடுத்தார். தினமும் எழுத வேண்டுமாம். எத்தனை நிமிடம் நடந்தேன், மாத்திரை போட்டேனா, நெஞ்சில் வலி உண்டா, மூச்சு வாங்கியதா. கடைசிக் கட்டம், 'மனசு எப்படி?' இருபத்தாறு வருடம் கொடைக்கானல் மலையில் பஸ் ஓட்டியவனிடம் மனசைக் கேட்கிறார்கள். 'நலம்' என்று எழுதினேன். ஒரு மாதத்துக்கும் சேர்த்து இன்றைக்கே நலம் போட்டு வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

எழுதுவது எனக்குப் புதிதில்லை. டிரைவர் தினமும் எழுதுகிறவன்தான். லாக் ஷீட்டில் 'கோளாறு' என்று ஒரு கட்டம் இருக்கும். பிரேக் ஒரு பக்கம் இழுத்தால், கியர் விழ மறுத்தால், அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் மெக்கானிக் வண்டியைத் தொடுவான். எழுதாமல் விட்டு மறுநாள் ஏதாவது ஆனால் எழுதாதவன் தலையில்தான் விடியும். வண்டி விஷயத்தில் நான் ஒரு திருகாணியைக்கூட எழுதாமல் விட்டதில்லை.

சிஸ்டர் நோட்டு சிஸ்டருக்கு. சங்கத்தில் கொடுத்த இந்த டைரி எனக்கு.

டிப்போ மேனேஜர் வந்திருந்தார். பேப்பரில் வந்ததை வெட்டி, லேமினேட் செய்து கொண்டுவந்தார். 'நெஞ்சு வலியிலும் பஸ்ஸை நிறுத்தி 43 பயணிகளைக் காப்பாற்றிய டிரைவர் சுருளிவேல்.' என் லைசென்ஸ் போட்டோவையே போட்டிருக்கிறார்கள், திருடன் மாதிரி இருக்கிறேன். ஹாலில் மாட்டச் சொன்னேன். என் சம்சாரம் பேச்சியம்மாள் அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். தூசி படுமாம்.

அந்த நேரம் எனக்கு நினைவில்லை. டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவு. அப்புறம் ஆஸ்பத்திரி விளக்கு. ஹேண்ட் பிரேக்கை நானே இழுத்து, வண்டியை மலைப் பக்கம் ஒதுக்கியதாகப் பேப்பரில் இருக்கிறது. இழுத்திருப்பேன். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் போயிருக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அமலதாஸ் வந்தான். பதினோரு வருடமாக என் வண்டிக்கு அவன்தான் கண்டக்டர். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான்.

"என்னடா கையில?"

"படியில வழுக்கிட்டேண்ணே."

"வண்டி எங்க நிக்குது?"

"ஒர்க்‌ஷாப்ல. இடது பக்கம் பூரா பாறையில ஒரசிருச்சுல்ல."

"பேப்பர்க்காரன்ட்ட நீதான சொன்ன?"

"ஆமாண்ணே."

"நல்லாத்தான் சொல்லிருக்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சி அவனுக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள். எனக்கு வெந்நீர். போகும்போது வாசல் வரை போய் அவனிடம் ஏதோ சொன்னாள். கேட்டால், கைக்கு எண்ணெய் தடவச் சொன்னாளாம்.

பிப்ரவரி 10, திங்கள்

பத்து நிமிடம் நடை. வாசலில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரை, போய்வர. வலி இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். இன்று மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு சாவைக் கொண்டுவந்தார்கள். ஒருவரின் மச்சான் ஸ்டென்ட் வைத்து நாற்பதாம் நாள் குளியலறையில் விழுந்தானாம். இன்னொருவரின் முதலாளி நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டாராம். சொல்லிவிட்டு, "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீங்க" என்று ஆப்பிளைக் கையில் கொடுக்கிறார்கள். அவர்கள் போன பிறகு குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தேன்.

உப்பில்லாத சாம்பார். உப்பில்லாத ரசம். பேச்சியும் அதையேதான் சாப்பிடுகிறாள், தனியாக வைத்துக்கொள் என்றாலும் கேட்பதில்லை. வாளியைத் தூக்கப்போனேன், ஓடி வந்து பிடுங்கினாள். கொல்லையில் இருந்து வீட்டுக்கு ஆறு குடம் தண்ணீர் அவளே சுமந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு பேர் உட்காரும் வண்டியை ஒற்றைக் கையால் கொண்டை ஊசி வளைவில் திருப்பியவன், ஒரு குடத்தைத் தொடக் கூடாது.

பிப்ரவரி 26, புதன்

மதியம் தூங்க முடியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் துடிப்பு தலையணையில் கேட்கிறது. கேட்டால் எண்ணத் தோன்றுகிறது. எண்ண ஆரம்பித்தால் ஒன்று விட்டுப்போன மாதிரி இருக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மாத்திரை துடிப்பைக் குறைக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரிந்தும் பயமாக இருக்கிறது.

பேச்சி கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டாள். கீழே பாய் விரித்து, தலையை என் கட்டில் பக்கம் வைத்துப் படுக்கிறாள். நான் மூச்சு விடுகிறேனா என்று காது கொடுத்துக் கேட்கிறாள். நான் சும்மா இருந்தால் கட்டில் காலைத் தட்டுகிறாள். அதனால் தூங்குகிறவன் மாதிரி சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டு விழித்துக் கிடக்கிறேன். அவளும் தூங்குவதில்லை, நானும் தூங்குவதில்லை.

சிஸ்டர் நோட்டில், 'தூக்கம்: நன்று'.

மார்ச் 8, சனி

மதுரைக்குப் போய்வந்தேன், முதல் செக்கப். பஸ்ஸில் போனோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அந்த டிரைவர் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டுகிறான், தேய்ந்து நாறிவிடும். சொல்லப்போனேன். பேச்சி தொடையில் கிள்ளினாள்.

சிஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லா நாளும் நலம்னே போட்டுருக்கீங்களே ஐயா. ஒரு நாள்கூட எரிச்சல், அழுகை ஒண்ணும் வரலையா?"

"வரலம்மா."

"வந்தா தப்பில்ல ஐயா. இந்த நெஞ்சு வலி வந்தவங்க நிறைய பேருக்கு வருது. மறைச்சாதான் கெடுதல்."

போன வாரம் டிவியில் ஒரு பெயின்ட் விளம்பரத்துக்கு அழுதேன். அதைப் போய் இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.

டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன். புருஷன் பெண்டாட்டி விஷயம். உள்ளே போனால் பேச்சியும் நிற்கிறாள், சிஸ்டரும் நிற்கிறார். முட்டை மஞ்சள்கரு சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அடுத்த மாதமே போகலாமாம். ஸ்டியரிங் என்றால் மருத்துவக் குழு பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். நானும் உட்கார்ந்துதானே ஓட்டுகிறேன் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

டிப்போ கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டியின் நம்பரை எழுதுகிற வேலைக்கு என்னை யாரும் நினைக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்த்ததில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று வந்தது ஒரு பொம்பளை. பூம்பாறையாம், பெயர் குருவம்மாள். இடது கை மாவுக்கட்டோடு கழுத்தில் கட்டிய துணியில் தொங்குகிறது. அன்றைக்கு என் வண்டியில் முன் சீட்டில் இருந்தாளாம். பாறையில் உரசியபோது கை ஒடிந்தது. ஒடிந்த கையோடு மூன்று பஸ் மாறி என் வீட்டைத் தேடி வந்திருக்கிறாள். ஒரு மஞ்சள் பை நிறைய மலைப்பூண்டு.

"நெஞ்சுக்கு நல்லதுங்கய்யா. எங்க தோட்டத்துப் பூண்டு. பால்ல வேகவச்சுக் குடிங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்."

"என் மக வயித்துப் பிள்ளையோட பக்கத்துல இருந்தாய்யா. நீங்க மட்டும் மலைப் பக்கம் வளைக்கலைன்னா எல்லாரும் பள்ளத்துல. போன வாரம் பேரன் பெறந்துட்டான். உங்க பேரத்தான் வச்சிருக்கு."

காலைத் தொடக் குனிந்தாள். ஒரு கை கட்டுக்குள் இருப்பதால் தடுமாறினாள். பேச்சி ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"என் கடமைம்மா" என்றேன்.

பேச்சி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பூண்டைத் தொடவில்லை. வாடை தாங்கவில்லை என்று கொல்லையில் வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 3, வியாழன்

தட்டை வீசினேன். உப்பில்லாத புளிக்குழம்பு, சுவரெல்லாம் வழிந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. பேச்சி சுவரைத் துடைத்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே துடைத்தாள். "உன்னையத் திட்டல, குழம்பத்தான்" என்றேன். மன்னிப்பு கேட்கிற லட்சணம் அதுதான் எனக்கு.

நாற்பது நிமிடம் நடக்கிறேன் இப்போது. கோயில் மேட்டில் ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் ஒரு பிடி பிடிக்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. நின்று செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வேன். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை இரண்டு தடவை போட்டேன். அது வாயுவாகவும் இருக்கலாம்.

சிஸ்டர் நோட்டில், 'வலி: இல்லை'.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அமலதாஸ் ஒரு மாதமாக வரவில்லை. தவக்காலம், அலைச்சல் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கேக்கோடு வந்தான். மணிக்கட்டில் கட்டு இல்லை. ஆனால் டம்ளரை இடது கையால்தான் வாங்கினான்.

மருத்துவக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். ஜூனில் மலை ரூட்டுக்கு வந்துவிடுவேன், பழையபடி நீயும் நானும் என்றேன். அவன் கேக்கைக் கீழே வைத்தான்.

"அண்ணே, வேணாம்ணே."

"எது வேணாம்?"

"ஸ்டியரிங். கேட் டூட்டி வாங்கிக்கங்க. காலம் பூரா உங்க கூட இருந்திருக்கேன், கால்ல விழுந்து கேக்குறேன்."

"ஏன்டா, நாப்பத்தி மூணு பேரக் காப்பாத்துனவன்டா நான்."

பேச்சி அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

"நீங்க காப்பாத்தலண்ணே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "நீங்க ஸ்டியரிங் மேல கவுந்துட்டீங்க. காலு ஆக்சிலேட்டர்ல. நான் பானட்டு மேல விழுந்து திருப்புனேன். கையி கண்ணாடிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல மாட்டிருச்சு. அதப் பிடுங்கித்தான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். இந்தக் கையிதான். இன்னிக்கு வரைக்கும் மடங்க மாட்டேங்குது."

"அப்ப எதுக்குடா பேப்பர்ல அப்படிச் சொன்ன?"

"ஒரே வண்டில இருந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுப்பமா? வலியோட வண்டிய எடுத்தீங்கன்னு தெரிஞ்சா உங்கள என்ன செய்வாங்க? நீங்க பொழைப்பீங்களான்னே தெரியல. செத்தாலும் நல்ல பேரோட போகட்டும்னு சொன்னேன். பொழைச்சு வந்து மறுபடி ஓட்டுவேன்னு நிப்பீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

அவன் சொன்னது பொய். என் பெயரைப் பார்த்து அவனுக்குப் பொறாமை. வெளியே போடா என்றேன். போய்விட்டான். கேக்கைப் பேச்சி எடுத்து உள்ளே வைத்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

நடக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

அவன் சொன்னது பொய் என்று மேலே எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை, கிடக்கட்டும். ஆனால் இந்த டைரி எனக்கு மட்டும்தான் என்று முதல் நாளே எழுதினேன். இதிலும் பொய் எழுதினால் வேறு எங்கே போவது.

ஜனவரி 28. கொடைக்கானல் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தும்போதே நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தது. தாடையில் இழுத்தது. நல்ல பனி, எல்லாரும் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. அமலதாஸ் கையைப் பிடித்தான். "இந்தக் குளிர்ல வேர்க்குமாண்ணே? கன்ட்ரோலர்ட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான். வாயு என்றேன். ஒரு சோடா குடித்தேன். அவன் விடவில்லை. டிரிப் கட் ஆகும்டா என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் என் வண்டி ஒரு டிரிப்பும் பாதியில் நின்றதில்லை. மண் சரிந்த வருடம்கூட சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தவன். விபத்தில்லாத டிரைவர் என்று அந்த வாரம் மேடையில் ஏற்றி மெடல் கொடுப்பதாக இருந்தது. சுருளிவேல் வண்டியா, கட்டாகாது என்று டிப்போவில் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சுக்காக ஏறி உட்கார்ந்தேன். லாக் ஷீட்டில் கோளாறு என்ற கட்டத்தில் 'ஒன்றும் இல்லை' என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நினைவில்லை என்று எழுதியதும் பொய். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது என் கைக்கு மேலே அவன் கை வந்ததைப் பார்த்தேன். 'மாதாவே' என்று கத்தினான். முன் சீட்டில் ஒரு பொம்பளை தன் மகளின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளில் இருந்தே தெரியும்.

எழுதிவிட்டேன். எழுதியதால் ஒன்றும் மாறவில்லை. ஸ்டியரிங் இல்லாமல் இந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சாகிற வரைக்கும் உப்பில்லாத சோறு தின்ன என்னால் முடியாது.

மே 14, புதன்

மருத்துவக் குழு. நகரும் பட்டையில் நடக்கவிட்டார்கள். காலையில் கிளம்பும் முன் நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துக்கொண்டேன். ஒன்பது நிமிடம் நடந்தேன். பிடித்தது, கொஞ்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக வைத்துக்கொண்டேன்.

பெரிய டாக்டர் பழைய பேப்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு வலி ஆரம்பிச்சதும் வண்டிய ஓரங்கட்ட உங்களுக்கு நேரம் கிடைச்சதா? இல்ல, திடீர்னு மயக்கமா?"

அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. முன்கூட்டித் தெரிந்து நிறுத்துகிறவன் கையில் வண்டியைக் கொடுக்கலாம். மயங்கி விழுகிறவன் கையில் கொடுக்க முடியாது.

"நேரம் கெடச்சதுங்க சார். நானே ஓரங்கட்டி, பிரேக்கப் போட்டுட்டுத்தான் சாஞ்சேன்."

"பேப்பர்லயும் அப்படித்தான் இருக்கு. கிரேட்" என்றார்.

முதலில் சமவெளி ரூட், சிரமம் இல்லை என்றால் மலை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் காகிதத்தைக் காட்டினேன். பேச்சி படித்துப் பார்த்துவிட்டு, சந்தோஷம் என்றாள். அப்புறம் கொல்லையில் போய் நெடுநேரம் துணி துவைத்தாள். துவைக்கத் துணியே கிடையாது.

ஜூன் 2, திங்கள்

வண்டியில் உட்கார்ந்தேன். பெரியகுளம் - தேனி, ஆறு நடை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டது, சிஸ்டர் இருந்தால் எழுதிக்கொண்டிருப்பார். டிப்போவில் மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒன்பது மணி நேரம் தூங்கினேன். நாலு மாதத்தில் முதல் தூக்கம்.

அமலதாஸ் வேறு வண்டிக்கு மாற்றி வாங்கிக்கொண்டானாம்.

ஜூன் 11, புதன்

நாளைக்கு மலை. 5.40 வண்டி. ஆள் பற்றாக்குறை, போகிறாயா என்றார்கள். கேட்க வேண்டுமா.

காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே பேச்சி சொன்னாள்.

"எனக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரில மயக்கத்துல ரெண்டு நாளும் அதையேதான் சொன்னீங்க. அமலா, பிடிச்சுக்கடா, பிடிச்சுக்கடான்னு. அப்புறம் அமலதாஸ் கையப் பாத்தேன். வாசல்ல வச்சுக் கேட்டேன், அழுதுருச்சு அந்தப் புள்ள."

நாலு மாதம் இவள் தெரிந்துகொண்டே எனக்கு வெந்நீர் வைத்திருக்கிறாள். அந்தப் பூண்டுக்காரி காலில் விழ வந்தபோதும் தெரிந்துதான் நின்றிருக்கிறாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரிந்தால் தடுக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"தடுத்தா நீங்க இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். அந்த நாற்காலில நீங்க உக்காந்திருந்தத நான்தான பாத்தேன்." இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். நாக்கு மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "பதிமூணு இருக்கு. வந்ததும் எண்ணுவேன். அத மட்டும் மறைக்காதீங்க."

ஜூன் 12, வியாழன்

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி பையில் இருந்தது. ஈசிஜி எடுத்துவிட்டார்கள், டாக்டர் வருவதற்குக் காத்திருக்கச் சொன்னார்கள். முறையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஸ்டாண்டுக்குப் போனால் டிக்கெட் மிஷினோடு அமலதாஸ் நிற்கிறான்.

"நீ எங்கடா இங்க?"

"இன்னிக்கு மட்டும் மாத்திக்கிட்டேண்ணே."

 வண்டி அடிவாரத்தில் காட்ரோட்டைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவன் முன்னால் வந்து பானட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். பின்னால் போகவே இல்லை. டிக்கெட் வேண்டியவர்கள் முன்னால் வந்து வாங்கினார்கள், சிலர் திட்டினார்கள். ஒரு சீட் காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவன் பார்வை ரோட்டில் இல்லை, என் கையில் இருந்தது. மடங்காத அந்த வலது கையை ஹேண்ட் பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, இரண்டரை மணி நேரம் அப்படியே நின்றான்.

டம்டம் பாறையைத் தாண்டும்போது நெஞ்சைப் பிடித்தது. பாறையில் எங்கள் வண்டி உரசிய கோடு இன்னும் இருக்கிறது. விடும் விடும் என்று பார்த்தேன். பெருமாள்மலை வரை விடவில்லை. தாடை இழுக்க ஆரம்பித்தது. ஏற்றம்தானே, மெதுவாகப் போய்விடலாம் என்று போனேன். அதுவும் தப்புதான்.

கொடைக்கானல் ஸ்டாண்டில் நிறுத்தினேன். சட்டை நனைந்திருந்தது. வெளியே பனி.

"அண்ணே, வேர்க்குது" என்றான் அமலதாஸ். அதே வார்த்தை. இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டு அங்கேயே நின்றான்.

9.10 கீழே இறங்குகிற நடை. ஆள் ஏறிவிட்டது. முன் சீட்டில் ஒருத்தி, மடியில் தூங்குகிற குழந்தை. சாவி வண்டியில் தொங்குகிறது. இறக்கம்தான், ஆக்சிலேட்டரே வேண்டாம், கியரில் போய்விடும், வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன்.

லாக் ஷீட்டை எடுத்தேன். கோளாறு என்ற கட்டத்தில் எழுதினேன். 'டிரைவர். வண்டி நல்ல நிலையில் உள்ளது. ஜனவரி 28 அன்று வண்டியை நிறுத்தியது கண்டக்டர் அமலதாஸ், நான் இல்லை.' கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இறங்கி, சாவியையும் ஷீட்டையும் கன்ட்ரோலரிடம் கொடுத்தேன்.

"என்னய்யா எழுதிருக்க? டிரைவர் கோளாறா?"

"ஆமா சார். டிரிப்ப கட் பண்ணிருங்க."

இறங்கச் சொன்னதும் வண்டியில் இருந்தவர்கள் என்னைக் கிழித்துவிட்டார்கள். "ஏத்துறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதான?" "தண்ணியப் போட்டுருப்பான்யா." "சம்பளம் மட்டும் கரெக்டா வாங்குவானுங்க." குழந்தைக்காரியும் முறைத்துவிட்டுத்தான் இறங்கினாள். அன்றைக்கு என்னால் சாக இருந்தவர்கள் என் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். திட்டட்டும், எல்லாரும் இரண்டு காலால் நடந்துபோய் அடுத்த வண்டியில் ஏறினார்கள்.

அமலதாஸ் காலி பஸ்ஸின் முன் சீட்டில் போய் உட்கார்ந்தான். முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் உட்கார்ந்ததை இன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன். பிறகு அவன்தான் ஆட்டோ பிடித்து இங்கே கூட்டிவந்தான்.

இனி ஸ்டியரிங் கிடையாது. குழுவில் பொய் சொன்னதற்கு விசாரணை வரும், கேட் டூட்டி கிடைத்தாலே பெரிது. நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. இது வேறு வலி.

சிஸ்டர் நோட்டும் பையில்தான் இருக்கிறது. 'வலி' கட்டத்தில், 'உண்டு. பிப்ரவரியில் இருந்தே உண்டு' என்று எழுதினேன். 'மனசு' கட்டத்தை இன்னும் எழுதவில்லை.

பேச்சிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எத்தன இருக்கு?" என்றாள்.

"பன்னெண்டு."

போனில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. நாலு மாதம் கட்டிலுக்குக் கீழே இருந்து கேட்ட அதே மூச்சு.

"வண்டி?"

"ஸ்டாண்டுலதான் நிக்குது. நான்தான் நிறுத்துனேன்."

"சரி. அங்கேயே இருங்க, வாரேன்" என்றாள்.